எந்த மென்பொருளின் உதவியும் இன்றி

– டிக் பண்ண மாட்டேன்னா பண்ண மாட்டேன். அந்தக் கட்டத்தைப் போட்டது என் பொண்ணாவே இருந்தாலும் சரி.

– அம்மா, மெதுவா பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

– கேக்கட்டும். ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூம்ல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டுப் பதறுறவங்ககிட்டயே பேசிப் பேசி என் குரல் இப்படி ஆயிடுச்சு. ஏன், பக்கத்து வீட்டுக்காரரும் உன் காலேஜ் கமிட்டியில மெம்பரா?

– விளையாடாத. நாளைக்குச் சாயங்காலம் ஆய்வேடு ஏத்தற காலேஜ் தளத்தை மூடிடுவாங்க. ஆய்வேடு முழுசா ஏறிடுச்சு. கடைசிப் பக்கத்துல அந்த ஒரு கட்டம்தான் பாக்கி. விரலை வெச்சு ஒரு அழுத்து. முடிஞ்சுது. உனக்குப் பட்டம் வந்துடும்.

– அந்தக் கட்டம் என்னை என்ன சொல்லச் சொல்லுது? எந்த மெஷினையும் நான் தொடவே இல்லன்னு. தொட்டேனே! ஃபோன்கிட்ட பேசினேன், அது எழுதிச்சு. பிழை திருத்துற தளத்துல போட்டேன், அது சிவப்புக் கோடு போட்டுச்சு. மறுபடி ஃபோனை வாசிக்கச் சொல்லிக் காதால கேட்டுச் சரி பண்ணினேன். நீ பாக்காததா?

– பாத்தேன். மாடிப்படியில உக்காந்து ஃபோனோட சண்டை போட்டுக்கிட்டு இருந்த. நான் வேணும்னே பாக்காத மாதிரி உள்ள போயிட்டேன்.

– ஏன் அப்படிப் போன?

– பாத்தேன்னு ஆயிட்டா நான் புகார் எழுதணும்மா. அதான் விதி.

– அடேயப்பா. பெத்தவ மேலயே புகார் எழுத வேண்டி வந்துடும்னு கண்ணை மூடிக்கிட்டுப் போற அளவுக்கு ஒரு விதி. அதைப் பெருமையா வேற சொல்ற.

– பெருமை இல்ல. இப்ப எல்லாரும்தான் அதையெல்லாம் பயன்படுத்துறாங்க. எல்லாரும்தான் டிக்கும் பண்றாங்க. உன் வகுப்புல ஒருத்தர் கூட மிச்சம் இல்ல.

– நிதானமா சொல்லு. இதை யார் சொல்றது? கமிட்டி செயலாளரா, என் மகளா?

– உன் மகதான்.

– அப்ப என் மக என்னைப் பொய் சொல்லச் சொல்றா.

– ஐயோ, பொய் இல்லம்மா. அது ஒரு சடங்கு மாதிரி. யாரும் அதைப் படிக்கக் கூட மாட்டாங்க.

– யாரும் படிக்காததை எதுக்கு எழுதின?

– அம்மா!

– சரி சரி, கோவப்படாத. டீயைக் குடி, ஆறுது.

– இங்க பாரு. உனக்கு எழுத்து நிக்காதுங்கிறது எனக்குத் தெரியும். இதுக்குப் பேர் இருக்கு. வாசிப்புக் குறைபாடு. டாக்டர்கிட்ட போனா பரிசோதிச்சுச் சான்றிதழ் குடுப்பாரு. அது இருந்தா மென்பொருள் பயன்படுத்தலாம்னு விதியிலயே இடம் இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன். காலையில முதல் ஆளா போயிட்டு வந்துடலாம்.

– பேர் வேற இருக்கா அதுக்கு? எங்க காலத்துல ‘மக்கு’ன்னு ஒரே பேர்தான். சிலேட்டுல எழுதி நீட்டினா எழுத்தெல்லாம் கால் மாறி உக்காந்திருக்கும். டீச்சர் என் கையிலயும் அடிப்பாங்க, சிலேட்டையும் அடிப்பாங்க. சிலேட்டு என்ன பண்ணிச்சு பாவம்.

– அதான் சொல்றேன். இப்ப அப்படி இல்ல. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

– வெக்கம்னு யார் சொன்னா? வெக்கத்தை எல்லாம் எப்பவோ தொலைச்சாச்சு. உன் ஸ்கூல்லேருந்து நோட்டீஸ் வந்தா நான் என்ன சொல்வேன், ஞாபகம் இருக்கா?

– ‘கண்ணாடியைக் காணோம், நீயே படி.’

– கண்ணாடி எங்க இருக்கும்?

– உன் தலை மேல.

– உனக்கு எப்பத் தெரிஞ்சுது?

– ஏழாவது படிக்கும்போது. சுற்றுலா நோட்டீஸ் ஒண்ணு. ‘விருப்பம் உள்ளவர்கள் மட்டும்’னு போட்டிருந்துச்சு. நான் ‘எல்லாரும் கட்டாயம் வரணும், வராதவங்களுக்கு மார்க் குறையும்’னு படிச்சேன். நீ அப்படியே நம்பிக் கையெழுத்துப் போட்ட.

– அடிப்பாவி! அந்தச் சுற்றுலாவா? உங்கப்பாகிட்ட மல்லுக்கட்டி அனுப்பி வெச்சேனேடி!

– ஜன்னல் சீட்டு கெடச்சுது. ஆனா வெளிய பாக்கவே பிடிக்கல. நம்மம்மாவுக்குப் படிக்க வராதுன்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது.

– சொல்லியிருக்கலாம்ல.

– எப்படிச் சொல்றது? நீ ராத்திரியும் பகலும் ஊருக்கே வழி சொல்ற ஆளு. எந்தத் தெரு எங்க முடியுது, எந்தச் சந்துல வண்டி நுழையாது, எல்லாம் மனசுல வெச்சிருந்த.

– வேற என்ன பண்றது? மத்தவங்க வரைபடத்தைப் பாப்பாங்க. எனக்கு அது எறும்புக் கூட்டம். அதனால ஒவ்வொரு டிரைவரையும் பிடிச்சுக் கேட்டுக் கேட்டு உருப்போட்டேன். அப்புறம் திரை வந்தது, வண்டியெல்லாம் கலர் கலரா நகந்துச்சு, பொழச்சேன். உங்கப்பா இருந்த வரைக்கும் வீட்டுக் காகிதமெல்லாம் அவர் படிச்சாரு. அவர் போனதுக்கு அப்புறம் இந்த ஃபோன் படிக்குது. அவர் நடுவுல இருமுவாரு, இது இருமாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

– அப்ப சான்றிதழ் வாங்கிடலாம். சரியா?

– வாங்கினா எனக்குக் கதவு திறக்கும். பிஸ்கட்டுக்கு?

– பிஸ்கட்டா?

– என் பக்கத்து சீட்டுப் பொண்ணு. பேக்கரியில வேலை. சாயங்கால வகுப்புக்கு நேரா அங்கேருந்துதான் ஓடி வருவா. சட்டைக் கையில மாவு ஒட்டியிருக்கும். விக்க முடியாத உடைஞ்ச பிஸ்கட்டை ஒரு கவர்ல போட்டுக் கொண்டுவந்து பெஞ்சு முழுக்கக் குடுப்பா. அதனால பிஸ்கட்.

– தெரியல. எனக்கு அந்த வகுப்பு கிடையாது.

– தெரியும். உனக்குத் தெரியும். போன பருவத்துல கட்டுரை குடுத்துட்டு, அந்தக் கட்டத்துல டிக் பண்ணாம, ‘வீட்டில் நாங்கள் பேசுவது வேறு பாஷை, அதனால் பிழை திருத்தும் தளத்தில் போட்டுப் பார்த்தேன்’னு எழுதினாளே ஒருத்தி.

– ஓ. அந்த ஃபைலா?

– நீ ஃபைலா பாத்த. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்.

– அம்மா, அது விதிமீறல். அவளே எழுத்துல ஒத்துக்கிட்டா. விசாரிக்கவே தேவைப்படல. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுபோன ஃபைல்.

– உனக்கு அஞ்சு நிமிஷம். அவளுக்குப் பூஜ்யம். அதுக்கப்புறம் அவ வரவே இல்ல தெரியுமா? அந்த சீட்டுல இன்னிக்கு வரைக்கும் யாரும் பையைக் கூட வெக்கிறதில்ல. ஆனா அன்னிக்கு வகுப்புல இருந்த அத்தனை பேரும் ஒரு பாடம் கத்துக்கிட்டாங்க. எந்த வாத்தியாரும் நடத்தாத பாடம். உண்மையைச் சொன்னா பூஜ்யம், மூடிக்கிட்டு இருந்தா பட்டம்.

– உனக்கு என் பக்கம் தெரியாது.

– சொல்லு. லைன்லதான் இருக்கேன்.

– போன வருஷம் ஒரு பையன். ஆய்வேடு அச்சடிச்ச புத்தகம் மாதிரி இருந்துச்சு. முன்னாடி உக்கார வெச்சு, ‘உன் ஆய்வு எதைப் பத்திப்பா’ன்னு கேட்டேன். ஃபோனை எடுத்துத் தலைப்பைப் பாத்துட்டுச் சொல்றான். ஒரு வரி கூட அவன் எழுதல. ஒரு வீட்டுக்குக் கூட அவன் போகல. பேட்டி கொடுத்ததா இருந்த ஆளுங்க யாருமே உலகத்துல இல்ல. நாளைக்கு இவன் சமூகப்பணி பட்டதாரி. அடி வாங்கிட்டு வந்து நிக்கிற ஒரு பொண்ணுக்கு இவன்தான் அறிக்கை எழுதணும். அதை வெச்சுத்தான் கோர்ட்டு முடிவு பண்ணும். அந்தக் கோவத்துலதான்மா அந்த விதியை எழுதினேன்.

– அது சரியான கோவம்தான். நானா இருந்தா அவனை எழுப்பி வெளிய அனுப்பியிருப்பேன்.

– பாத்தியா!

– ஆனா ஒண்ணு சொல்லு. அவனும் நானும் ஒண்ணா?

– இல்ல.

– அவனும் பிஸ்கட்டும் ஒண்ணா?

– இல்ல.

– இது உனக்குத் தெரியுது. உன் கட்டத்துக்குத் தெரியுமா?

– எல்லாரையும் தனித்தனியா உக்கார வெச்சுப் பேசிப் பாக்க ஆள் இல்லம்மா. நேரம் இல்ல. அதனாலதான் கட்டம்.

– அப்படிச் சொல்லு. அது நேர்மையான பதில். ஆள் இல்ல, நேரம் இல்ல, அதனால எல்லாரையும் திருடன்னு வெச்சுக்கறோம்னு எழுதிப் போடுங்க. நான் அதுல டிக் பண்றேன்.

– உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது.

– ஜெயிக்க நான் பேசல. இங்க வா, ஒண்ணு காட்டறேன். இந்தப் பக்கத்துல நடுவுல இருக்கிறதைப் படி. என் கண்ணுல்ல, படி.

– ‘புள்ள மூச்சு விடல, புள்ள மூச்சு விடல என்று மட்டுமே அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். எந்தத் தெரு என்று கேட்டால், நீல கேட்டு என்றார்.’

– அது நான் எடுத்த கால். தெருப் பேர் வரல அந்தம்மாவுக்கு. நீல கேட்டு, நீல கேட்டு. அவசரத்துல ஜனங்களுக்கு முகவரி மறந்துடும். கண்ணுல படறதுதான் வாயில வரும். அதைத்தான் ஆய்வேடு முழுக்கச் சொல்லியிருக்கேன். இந்த இடத்துல திருத்துற தளம் என்ன சொல்லிச்சு தெரியுமா? ‘குழந்தை சுவாசிக்கவில்லை’ன்னு மாத்தச் சொல்லிச்சு.

– நீ மாத்தல.

– எப்படி மாத்துவேன்? எந்தத் தாய் ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு ‘சுவாசிக்கவில்லை’ன்னு சொல்வா? சிவப்புக் கோடு அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அது சொன்னதுல பாதியை எடுத்துக்கிட்டேன், பாதியைத் தள்ளிட்டேன். தள்ளினது யாரு? மெஷினா?

– நீதான்.

– அப்புறம் நான் எதை ஒளிக்கணும்?

– அந்தக் குழந்தை என்னாச்சும்மா?

– பொழச்சுது. நீல கேட்டு இருக்கிற தெரு டிரைவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

– நல்ல வேளை.

– ஏன் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? இன்னும் ஏதோ வெச்சிருக்க. வந்ததுலேருந்து பாக்கறேன், அந்த டம்ளரையே சுத்திக்கிட்டு இருக்க.

– ஒண்ணும் இல்ல.

– ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்களுக்குத்தான் முதல்ல வண்டி அனுப்புவோம். சொல்லு.

– என் வேலை. இந்த மாசம் நிரந்தரம் பண்ணணும். கோப்பு துறைத்தலைவர் மேஜையில இருக்கு. அவர் கையெழுத்துப் போட்டா உண்டு. இல்லேன்னா அடுத்த வருஷமும் தற்காலிகம். அதுக்கடுத்த வருஷம் இருக்கேனான்னே தெரியாது. இந்த நேரத்துல செயலாளரோட சொந்த அம்மாவே விதியை மீறிட்டாங்கன்னு வந்தா...

– இதை ஏன் முதல்லயே சொல்லல?

– சொன்னா நீ எனக்காகப் பண்ணிடுவ. அதான் சொல்லல. வாதாடி ஜெயிக்கலாம்னு பாத்தேன்.

– அட லூசு.

– என்னமோ போ.

– இங்க பாரு. கமிட்டியா வந்து கேட்டா முடியாது. பெரிய படிப்புப் படிச்சவளா கேட்டாலும் முடியாது. என் மகளா ஒரு தடவை கேளு. இப்பவே டிக் பண்றேன். பட்டம் வரும், வீட்டுல மாட்டி வெப்போம், பிஸ்கட்டை நினைச்சா மட்டும் கொஞ்சம் உறுத்தும், பழகிடும். கேளு.

– கேக்கட்டுமா?

– கேளுங்கறேன்.

– எனக்காகப் பண்ணும்மா. பயமா இருக்கு.

– சரி. அவ்வளவுதானே. அந்த ஃபோனை இப்படித் தள்ளு. இரு, எதுல டிக் பண்றோம்னு தெரியாம பண்ணக் கூடாது. வாசிக்கச் சொல்றேன். எங்க அழுத்தணும்... ஆங்.

– ‘இந்த ஆய்வேட்டின் ஒவ்வொரு பகுதியும் எந்த மென்பொருளின் உதவியும் இன்றி என்னாலேயே எழுதப்பட்டது என்றும், இந்த உறுதிமொழியை நானே படித்துப் புரிந்துகொண்டேன் என்றும் இதனால் உறுதி கூறுகிறேன்.’

– எவ்வளவு நீளமா எழுதியிருக்கடி! கடைசியில என்னமோ சொல்லிச்சே, சரியா காதுல விழல. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்றேன்.

– ‘இந்த ஆய்வேட்டின் ஒவ்வொரு பகுதியும் எந்த மென்பொருளின்...’

– நிறுத்தும்மா.

– இரு, ‘நானே படித்து’ன்னு ஏதோ வந்துச்சு...

– நிறுத்துன்னு சொல்றேன்ல! அதைக் கீழ வை.

– ஏன் கத்தற? பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது.

– உன் ஃபோன் உனக்கு வாசிச்சுக் காட்டுது. ‘எந்த மென்பொருளின் உதவியும் இல்லாம நானே படிச்சேன்’னு. அதை நீ காதைக் கிட்ட வெச்சுக் கேட்டுக்கிட்டு இருக்க. இந்த வரியை எழுதினவ எதிர்ல உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கேன். வேணாம்மா. டிக் பண்ணாத.

– நீதானே கேட்ட?

– கேட்டேன். இப்பக் கேக்கல.

– உன் வேலை?

– தெரியல.

– நிதானமா யோசிச்சுச் சொல்லு. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

– திட்டுவேன். கண்டிப்பா திட்டுவேன். ஆனாலும் பண்ணாத. கீழ குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு பாரு. அதுல சொல்லு.

– ஃபோன்கிட்டயே சொல்லட்டுமா?

– ஃபோன்கிட்டயே சொல்லு.

– ‘நான் பேசினேன், ஃபோன் எழுதிச்சு. திருத்துற தளம் பிழை காட்டிச்சு. சரின்னு பட்டதை எடுத்துக்கிட்டேன், படாததை விட்டுட்டேன். உள்ள இருக்கிறது எல்லாம் நான் காதால கேட்டது, நான் யோசிச்சது. சந்தேகம் இருந்தா கூப்பிட்டுக் கேளுங்க.’ போதுமா?

– ‘எழுதிச்சு’ இல்லம்மா, ‘எழுதியது.’

– பாத்தியா, நீயும் சிவப்புக் கோடு போடற!

– விடு, ‘எழுதிச்சு’ன்னே இருக்கட்டும்.

*

– உக்காருங்கம்மா. மேடம், அம்மாவுக்குத் தண்ணி குடுங்க. ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க.

– பரவால்ல சார். எங்க கண்ட்ரோல் ரூமுக்கு இந்த ரூம் எவ்வளவோ மேல். ஜன்னலாவது இருக்கு.

– பாருங்க, இதை விசாரணைன்னு எல்லாம் நினைச்சுக்காதீங்க. நம்மளுக்குள்ள ஒரு பேச்சு. நான் துறைத்தலைவர், கமிட்டிக்கும் நான்தான் தலைவர். உங்க பொண்ணு செயலாளர். வெளியாள் யாரும் இல்ல.

– சார், ஒண்ணு சொல்லிடறேன். இவங்க என் அம்மாங்கிறதால தீர்மானத்துல எனக்குப் பங்கு வேணாம்னு காலையிலயே எழுதிக் குடுத்துட்டேன். குறிப்பு மட்டும்தான் எடுக்கறேன்.

– பாத்தேன் மேடம். நல்ல முறை. சரி, அம்மா, விஷயத்துக்கு வருவோம். அந்தக் கட்டத்துல டிக் விட்டுப்போச்சு. வயசானவங்க, ஃபோன்ல கை தவறிடும். சகஜம். ‘தவறுதலாக விடுபட்டது’ன்னு ஒரு வரி குடுங்க. நம்மளுக்குள்ளயே முடிச்சுக்கலாம்.

– கை தவறல சார். கை ரொம்ப சரியா இருந்துச்சு.

– பாருங்கம்மா...

– கீழ குறிப்புல எழுதியிருக்கேனே. அதைப் படிச்சீங்களா?

– படிச்சேன். அதுதானே பிரச்னையே. அது இல்லாம இருந்திருந்தா நான் உங்களைக் கூப்பிட்டே இருக்க மாட்டேன்.

– ஆய்வேட்டைப் படிச்சீங்களா?

– விதிமீறல்னு வந்த பிறகு உள்ள படிக்கத் தேவையில்லம்மா. அது நடைமுறை.

– அப்ப நீங்க படிச்சது நாலு வரி. அந்த நாலு வரியிலயும் நான் உண்மைதான் சொல்லியிருக்கேன். அதுக்குத்தான் இந்த ஃபேனும் தண்ணியும்.

– உங்களுக்கு எழுத்துல சிரமம் இருக்குன்னு மேடம் சொன்னாங்க. ஒரு மருத்துவச் சான்றிதழ் கொண்டுவந்துடுங்க. இன்னிக்குத் தேதிக்கு முன்னாடி வாங்கின மாதிரி ஏற்பாடு பண்ணிக்கலாம். அப்புறம் யாரும் கேள்வி கேக்க முடியாது.

– சார், நான் உண்மையைச் சொன்னதுக்குத் தண்டனை குடுக்காம இருக்க, நீங்க பழைய தேதி போட்ட ஒரு பொய்யைக் கேக்கறீங்க. சரியா புரிஞ்சுக்கிட்டேனா?

– வார்த்தையை அப்படி எடுக்கக் கூடாது.

– வேற எப்படி எடுக்கணும்னு சொல்லுங்க, எடுத்துக்கறேன். சான்றிதழ் நான் வாங்குவேன் சார், இன்னிக்குத் தேதியிலயே வாங்குவேன். எனக்கு எழுத்து நிக்காதுங்கிறதுல ஒளிவு மறைவு இல்ல. ஆனா அதைக் காட்டி இந்த ரூமை விட்டுத் தப்பிச்சுப் போக மாட்டேன். போன பருவத்துல ஒரு பேக்கரிப் பொண்ணுக்குப் பூஜ்யம் போட்டீங்க. அவளும் என்னை மாதிரிதான் எழுதினா. அந்த ஃபைலைத் திறங்க. அவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுங்க. என்கிட்டயும் பேசுங்க. திருடினவ யாரு, திருத்திக்கிட்டவ யாருன்னு பேச ஆரம்பிச்ச உடனே உங்களுக்கே தெரிஞ்சுடும்.

– அது முடிஞ்சுபோன கேஸ்மா.

– அவளுக்கு முடியல சார். நேத்து பேக்கரிக்குப் போயிருந்தேன். ‘எங்கயாவது வேற காலேஜ்ல சேந்துட்டியா’ன்னு கேட்டேன். ‘நமக்கெல்லாம் எதுக்குக்கா படிப்பு’ன்னுட்டு டிரேயைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. எப்பவும் வாயடிக்கிற பொண்ணு அது.

– உங்க மனசு புரியுது. ஆனா நீங்க ஒரு தாய். மேடத்தோட எதிர்காலத்தையும் யோசிக்கணும். அவங்க கோப்பு என் மேஜையிலதான் இருக்கு. நான் அதையும் இதையும் முடிச்சுப் போடறவன் இல்ல...

– முடிச்சுப் போடாதவர் எதுக்கு சார் அதை இப்ப எடுக்கறீங்க?

– அம்மா, விடு.

– நீ குறிப்பு எடு. இதையும் எழுதிக்கோ.

– எழுதிட்டேன்மா.

– மேடம், அதெல்லாம் குறிப்புல வேணாம். நம்மளுக்குள்ள பேசினது.

– பேசினதை எழுதறதுதான் சார் என் வேலை.

– சரி. நான் எவ்வளவோ இறங்கி வந்துட்டேன். இனிமே விதிப்படி போவோம். நம்ம சுற்றறிக்கை இருக்குல்ல, அதுல அந்தப் பிரிவை வாசிங்க மேடம். அம்மா காதால கேக்கட்டும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

– முழுசாவா சார்?

– முழுசா. அழகான சுற்றறிக்கைம்மா அது. உங்க பொண்ணுதான் எழுதினாங்க. தேடினாலும் ஒரு பிழை கிடைக்காது. மத்த துறைக்காரங்க எல்லாம் பிரதி வாங்கிட்டுப் போனாங்க.

– ‘மாணவரோ ஆசிரியரோ, இத்துறையின் பெயரால் அளிக்கும் எந்த ஆவணத்தையும் மென்பொருளின் உதவியுடன் எழுதவோ திருத்தவோ கூடாது. அவ்வாறு எழுதப்பட்ட அல்லது திருத்தப்பட்ட ஆவணம் செல்லாது. சம்பந்தப்பட்டவர் பெயர் குறிப்பேட்டில் பதிவு செய்யப்படும்.’

– கேட்டீங்களாம்மா? இதுல நான் சொல்ல என்ன இருக்கு? ‘செல்லாது’ன்னு தெளிவா இருக்கு. மேடம், பெயரை எழுதுங்க, ஆவணம் செல்லாதுன்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்.

– எழுது. எனக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷம் மறுபடி சேருவேன், மறுபடி இதையே குடுப்பேன், மறுபடி இதே நாற்காலியில வந்து உக்காருவேன்.

– எழுதிட்டேன் சார். கையெழுத்துப் போடுங்க.

– குடுங்க... மேடம், என்ன இது? இதுல அம்மா பேர் இல்லயே. உங்க பேர் இருக்கு. கீழ என் பேர் இருக்கு!

– ஆமா சார்; ‘ஒரு பிழை இருக்கக் கூடாது, அந்தத் திருத்துற தளத்துல போட்டு எடுத்துட்டு வாங்க’ன்னு நீங்க சொன்னீங்க, நான் போட்டுத் திருத்தித்தான் கொண்டுவந்தேன், அதனால இன்னிக்குச் செல்லாம போற ஆவணம் இந்தச் சுற்றறிக்கைதான்.